கேரவன் சேஞ்ச்ஓவர் பெட்டியில் உறுமல்: மீண்டும் புகார்

அனுப்புநர்:
வண்டிப் பராமரிப்புப் பிரிவு, சென்னை

பெறுநர்:
மேலாளர், சர்வீஸ் பிரிவு

ஐயா,

தாங்கள் கட்டிக்கொடுத்த கேரவனில், ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும் ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் பெட்டி 'உர்ர்' என்று உறுமுகிறது. வந்து பார்த்த டெக்னீஷியன், "ஏ.சி. கரண்ட் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார். லேசான முனகல் இருக்கும்தான். ஆனால் இது கதவைச் சாத்தினாலும் படுக்கை வரை கேட்கிறது.

ஈ.பி.யில் ஓடும்போது மட்டுமே உறுமல். ஜெனரேட்டருக்கு மாறினால் அடங்கிவிடுகிறது. பெட்டிக்குள் ஈ.பி.க்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று என இரண்டு கான்டாக்டர் (காயிலின் காந்த இழுப்பால் இயங்கும் ஸ்விட்ச்); இரண்டும் ஒரே மாடல். வோல்டேஜ் குறைந்தாலும் இப்படித் துடிக்கும் என்பதால், முதலில் காயிலின் ஏ1, ஏ2 முனைகளில் அளந்தோம்: 228 வோல்ட். 230 வோல்ட் காயிலுக்கு அது போதும். 16 ஆம்பியர் லோடில் ஈ.பி. கான்டாக்டின் (கரண்ட் பாயும் தொடுமுனை) குறுக்கே 1.1 வோல்ட் விழுகிறது, மற்றதில் 0.06 தான். அதாவது ஒரே முனையில் கிட்டத்தட்ட 18 வாட் சூடு, அதுவும் கட்டிலுக்கு அடியில், பிளைவுட்டுக்கு நடுவே. அந்த வயரின் உறை ஏற்கெனவே பழுப்பேறிவிட்டது.

பிறகு ஈ.பி. பிளக்கைப் பிடுங்கி, ஜெனரேட்டரை நிறுத்தி, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு (பலர் மறப்பது இதைத்தான்) காயில்களை அளந்தோம். 542 ஓம், 548 ஓம். காயிலில் பழுதில்லை.

கான்டாக்டரைப் பிரித்ததும் விஷயம் தெரிந்தது. கோர் (காயிலுக்குள் இருக்கும் இரும்பு) முகத்தில் சிவப்புப் பொடியாகத் துரு. அந்தக் கோர் முகத்தில் பதித்த செப்பு வளையம் ஒரு மூலையில் மயிரிழையாக விட்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை தளரும். அப்போதெல்லாம் ஆர்மேச்சரை (கோரோடு ஒட்டும் அசையும் இரும்பு) விடாமல் பிடித்திருப்பது அந்த வளையம்தான். அது அறுந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. துடித்துத் துடித்தே கான்டாக்ட் முனைகளும் பொரிந்துபோயின.

துரு வந்த வழியும் தெரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் வண்டி இது. பெட்டியின் அடியில் கேபிள் நுழையும் துளைக்கு, இடைவெளியை அடைக்கும் கிளாண்டே போடவில்லை. உப்புக்காற்று நேரே உள்ளே போகிறது. இது தங்கள் ஃபிட்டிங் குறைதான்.

ஆகவே முழுப் பெட்டிக்கும் கொடுத்த கொட்டேஷனை ஏற்க மாட்டோம். ஈ.பி. பக்கக் கான்டாக்டரை முழுதாக, வாரண்டியில் மாற்றித் தாருங்கள். காயிலை மட்டும் மாற்றினால் போதாது. கருகிய வயரை வெட்டி, புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்து, கிளாண்டும் போட வேண்டும். மாற்றியபின் இரண்டு கான்டாக்டரும் சேர்ந்து இழுக்காதபடி தடுக்கும் இன்டர்லாக்கைச் சோதித்துக் காட்டவும்.

ஏழு நாளுக்குள் ஆள் அனுப்பவும். கழற்றிய கோரை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறோம். வருபவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வண்டிப் பராமரிப்புப் பிரிவு