வட்டு இருக்கிறது, விளையாட்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் என் மகனுக்கு வாங்கித் தந்த கார்ப் பந்தய வீடியோ விளையாட்டின் வட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் அலமாரியில் இருக்கிறது. ஆனால் விளையாட்டு இயங்க இணையம் வழியே தொடர்புகொள்ள வேண்டிய சர்வரை (மையக் கணினியை) தயாரித்த நிறுவனம் நிறுத்திவிட்டதால், 'இணைக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரிதான் திரையில் வருகிறது. விற்ற கடைக்காரருக்கே, பாவம், இது புதுச் செய்தி.

2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' விளையாட்டை செப்டம்பர் 6 அன்றே மூடிய சோனி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என விளம்பரம் செய்வோர், கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ளது. நம் நுகர்வோர் விவகாரத் துறை, அந்த வாசகத்தை வட்டின் உறை மீதும் அச்சிட உத்தரவிட வேண்டும்.

– வாசகர், சிம்மக்கல், மதுரை