காக்காவுக்கு ஒரு ஓட்டு

வெலிங்டன், நியூசிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், சின்னவன் எல்லாரும் நலமா? பணம் போட்டிருக்கிறேன், வந்ததும் சொல்.

"அங்கே பேச்சுத் துணைக்கு யாராவது உண்டா?" என்று போனில் கேட்டாய். பஸ் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. உண்டு, ஆனால் எல்லாம் போனுக்குள் இருக்கும் கூட்டம். பாதிப் பேரை நேரில் பார்த்தது கிடையாது. இப்போது அவர்களுக்குள் பெரிய சண்டை. காரணம், ஒரு புறா.

சிரிக்காதே. இந்த நாட்டில் வருஷா வருஷம் பறவைகளுக்குத் தேர்தல் நடக்கிறது. ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2005 முதல் நடத்துகிறது. ஆளுக்கு ஐந்து பறவைகள் வரை ஓட்டுப் போடலாம். பறவைகளுக்குப் பிரச்சாரப் பொறுப்பாளர்கள் உண்டு, போஸ்டர் உண்டு, எதிரணியைக் கிண்டல் செய்யும் படங்கள் உண்டு. நம்மூர் இடைத்தேர்தலில் இருந்து பிரியாணிப் பொட்டலம் ஒன்றுதான் குறைச்சல்.

எங்கள் கூட்டத்தில் டனீடினைச் சேர்ந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார். மஞ்சள் கண் பென்குயின் கட்சி. 2019, 2024 இரண்டிலும் அதுதான் ஜெயித்தது என்பதை வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ஆக்லாந்தில் ஒரு மலையாளி நர்ஸ், அவர் கெரெரு ரசிகை. கெரெரு என்பது இங்குள்ள காட்டுப் புறா, நல்ல கனமான உடம்பு. புளித்த பழத்தைத் தின்று போதை ஏறி மரத்திலிருந்து விழும்! 2018-இல் பட்டம் அதற்குத்தான். "குடிகாரனுக்கா ஓட்டு?" என்று கேட்டேன். "உங்கள் ஆள் மட்டும் யோக்கியமோ?" என்று திருப்பிக் கேட்டார்.

என் ஆள் காக்கா. நம்ம காக்கா இல்லை அக்கா, இது பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கிளி. வெலிங்டனில் அடியோடு இல்லாமல் போயிருந்ததை, 2002-இல் ஸீலேண்டியா சரணாலயத்தில் கொண்டுவந்து விட்டார்கள். எலி, பூனை எதுவும் நுழையாதபடி 8.6 கிலோமீட்டருக்கு வேலி போட்ட இடம் அது. காக்காவுக்கு வேலி ஒரு பொருட்டா? இப்போது ஊர் முழுக்க அதன் ராஜ்ஜியம்தான், வீட்டுத் தோட்டத்து மரங்களின் பட்டையை எல்லாம் உரித்துப் போடுகிறது. யோக்கியன் என்று நானும் வாதாடவில்லை.

கள்ள ஓட்டும் உண்டு. 2020-இல் கிவி என்ற பறவையில் ஒரு சின்ன வகைக்கு ராத்திரியோடு ராத்திரியாக 1,500-க்கு மேல் விழுந்து, கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்தார்கள். மறு வருஷம் ஜெயித்தது ஒரு வௌவால். ஆமாம், வௌவால்தான்! டீச்சருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2023-இல் 'நூற்றாண்டின் பறவை' என்று நடத்தினார்கள். ஜான் ஆலிவர் என்ற அமெரிக்க டிவி நகைச்சுவைக்காரர் புடெக்கெடெக்கே என்ற முக்குளிப்பான் வகை நீர்ப்பறவைக்காகக் களத்தில் இறங்கி, மும்பை வரைக்கும் விளம்பரப் பலகை வைத்தார். அதற்கு 2,90,374 ஓட்டு. இரண்டாவதாக வந்த கிவிக்கு 12,904. நான் இங்கே வருவதற்கு முன் நடந்த கதை இது, ஆனாலும் "அமெரிக்கப் பணம்" என்று யாராவது ஆரம்பித்தால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது.

தேர்தல் இல்லாத மாதங்களிலும் சும்மா இருப்பதில்லை. போன மாதம் பென்குயினுக்கு முழங்கால் உண்டா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். உண்டாம், இறகுக்குள்ளே மறைந்திருக்கிறது. நர்ஸ் எங்கிருந்தோ எக்ஸ்ரே படம் தேடிப் போட்ட பிறகுதான் எல்லாரும் வாயை மூடினோம்.

எந்த நாட்டிலிருந்தும் ஓட்டுப் போடலாம், மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். அத்தானுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. சின்னவன் பென்குயின் பக்கம் சாய்வான், அவனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தேதி அறிவித்ததும் போன் செய்கிறேன்.

அன்புத் தம்பி