கேட்கத் தெரிய வேண்டும், பாப்பா

அன்புள்ள பாப்பா,

பிரயாக்ராஜில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னாய். அம்மா அப்போதே பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டாள். எனக்கு அதற்கு முன்னால் நீ சொன்னதுதான் இரவெல்லாம் மனதில் ஓடியது. விமானிகளுக்கு ரேடியோவில் வழிசொல்லும் கண்ட்ரோலர் வேலைக்கான பயிற்சியில், சிமுலேட்டரில் ஆறு விமானங்களை வைத்துக்கொண்டு தடுமாறாமல் பேசியிருக்கிறாய். பயிற்றுநரோ, "நன்றாகப் பேசுகிறாய், ஆனால் கேட்பதில்லை" என்றிருக்கிறார். சொல்லும்போது உன் குரல் கம்மிப்போயிருந்தது. போனில் ஏதோ சமாதானம் சொன்னேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி, கண்ணு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றாவது படிக்கும்போது நங்கநல்லூர் வீட்டு மொட்டைமாடியில் நின்று, வரிசையாக இறங்கி வரும் விளக்குகளை எண்ணுவாய். "பின்னால வர்றது முன்னால போறதை இடிச்சிடாதாப்பா?" என்று கேட்டாய். 777 மாதிரி கனமான விமானத்துக்குப் பின்னால் அதைவிடச் சிறிய ஏ320 வந்தால் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல் விட வேண்டும், முன்னால் போனது கிளப்பிவிட்ட காற்றுச் சுழல் அடங்க வேண்டுமே என்று உனக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். இறங்கும் வேகத்தில் அந்த 5 மைல் சுமார் இரண்டு நிமிடம்தான். இன்று இந்தக் கணக்கையெல்லாம் என்னைவிட வேகமாக ஒப்பிப்பாய். இரண்டு விமானங்களுக்கு நடுவே மேலும் கீழும் 1,000 அடி இடைவெளி என்பதும் உனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த 1,000 அடிக்கு வானத்தில் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. நீ சொன்ன உயரத்தை விமானி திருப்பிச் சொல்லி, அதை நீ காது கொடுத்துக் கேட்டால்தான் அது இருக்கிறது.

இதுவரை உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கண்ட்ரோலராகப் பார்த்த ஒரு நைட் டூட்டி, விடியற்காலை மூன்று மணி இருக்கும். கிளம்பிய விமானத்துக்கு லெவல் 100, அதாவது 10,000 அடி உயரம் கொடுத்தேன். விமானி "ஒன் ஒன் ஜீரோ" என்று திருப்பிச் சொன்னார். என் காதில் "ஒன் ஜீரோ ஜீரோ" என்றே விழுந்தது. நான் தூங்கவில்லை, விழித்துத்தான் இருந்தேன். விமானத்தின் விவரம் குறிக்கும் துண்டுத்தாளான ஸ்ட்ரிப்பில் கை 100 என்று எழுதிவிட்டது, காது கையை நம்பிவிட்டது. எதிரே 110-இல் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த சீனியர் என் தோளைத் தட்டி, "சார், ஒன் ஒன் ஜீரோன்னாரு" என்றார். உடனே திருத்தினேன். விமானம் அப்போது 7,000 அடியைத்தான் தாண்டியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டூட்டி முடிந்து கீழே வந்தவன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் அரை மணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது 100-ஐ "ஒன் ஹண்ட்ரட்" என்று சொல்லும்படி விதியே மாறிவிட்டது. என்னைப் போல எத்தனை பேர் காதில் அது மாறி விழுந்திருக்கும்!

1996 நவம்பர் 12 மாலை நடந்ததை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி 747-க்கு 14,000 அடி. இறங்கி வந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் சரியாக 1,000 அடி. எதிரே விமானம் வருகிறது என்றும் கண்ட்ரோலர் எச்சரித்திருந்தார். இல்யூஷின் 15,000-இல் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. அன்றைக்கு அங்கே இருந்த ரேடார் திசையையும் தூரத்தையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டும் மோதி, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களில் 349 பேரின் உடல்கள் விழுந்தன. இல்யூஷின் விமானக் குழுவுக்கு ஆங்கிலம் போதாமல் இருந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

அதற்குப் பிறகுதான் வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியும் கட்டாயமானது. உன் திரையில் இன்று உயரம் எண்ணாகவே தெரிகிறது. அதை நம்பித்தான் உங்கள் வயதுக்காரர்கள் காதைத் தளர்த்துகிறீர்களோ என்று எனக்குப் பயம். எண் மாறி உன் கண்ணில் படுவதற்குள் விமானம் ஏறவோ இறங்கவோ தொடங்கியிருக்கும். விமானியின் வாயில் அந்தத் தவறு அதற்கு முன்பே வந்துவிடும். அங்கேயே பிடி.

வேகமாகப் பேசுவதைத் திறமை என்று நினைக்காதே. எதிர்முனையில் இருப்பவருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பதில்லை, உனக்கும் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. விமானி திருப்பிச் சொல்லும்போது பேனா முனையை ஸ்ட்ரிப்பில் உள்ள எண்ணின் மேல் வைப்பேன். அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல முனையை நகர்த்துவேன். கடைசி இலக்கம் பொருந்திய பிறகுதான் டிக். பக்கத்தில் யார் பேசினாலும் அதுவரை திரும்ப மாட்டேன். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் மறுபடி கேட்பேன்.

ஸ்வெட்டர் நாளைக்கு கூரியரில் வரும். ஸ்வெட்டருக்குள் அந்தப் பேனாவையும் சுற்றி வைத்திருக்கிறேன். மை தீர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எண்ணின் மேல் நகர்த்த மை எதற்கு? அடுத்த சிமுலேட்டர் முடிந்ததும் எப்படிப் போனது என்று எழுது.

அன்புடன்,
அப்பா