உலர்த்தும் இயந்திரம் ஊருக்குப் பொதுவாக வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிராமத்தில் தொழில் தொடங்க மானியம் என்று அடிக்கடி செய்தி வெளியிடுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு மாவட்டத் தொழில் மையத்துக்கு ஓடுபவர்களில் எங்கள் மகளிர் குழுவினரும் உண்டு. அதனால்தான், கீரை உலர்த்தும் இயந்திரம் ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்று எழுதுகிறேன்.

சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். ஆனால் அது கைக்கு வரும் பணம் இல்லை. முதலில் நாம் 10 சதவீதம் போட வேண்டும், மீதிக்கு வங்கி கடன் தர வேண்டும். மானியம் வங்கியிலேயே கிடக்கும். மூன்று ஆண்டுகள் கடன் வாராக்கடன் ஆகாமலும் தொழில் படுக்காமலும் இருந்தால் கடனில் கழிப்பார்கள். வங்கி கைவிரித்தால் மானியமும் இல்லை. குறைந்தது 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இங்குள்ள ஒரு கிளையில் எடுத்த எடுப்பிலேயே பத்திரத்தைத்தான் கேட்டார்கள்.

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. காய் விலை சரிந்தால் பறிப்புக் கூலிகூடத் தேறாது. சரி, கீரையைப் பொடியாக்கி விற்போம் என்று நாலு பேர் இறங்குகிறார்கள். வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் போய்விடும். நிழலில் போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தும் இயந்திரம் இல்லாமல் முடியாது. நாலு பேரும் ஆளுக்கொன்று வாங்கினால் நாலும் பாதி நாள் சும்மா நிற்கும். தவணை நிற்குமா?

பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதி அமைக்கவும் இதே திட்டத்தில் மானியம் உண்டு. அதுவும் 35 சதவீதம்தான். மீதி 65 சதவீதத்தை மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு எங்கே போய்ப் புரட்டும்? அந்த இயந்திரத்துக்கு மட்டுமாவது முழுத்தொகையையும் அரசு கூட்டமைப்பிடம் கொடுக்கட்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி நாங்களே ஓட்டிக்கொள்வோம். இதே திட்டத்தில் குழு உறுப்பினருக்கான 40,000 ரூபாய் விதை மூலதனம் (தொடக்க முதல்) கூட்டமைப்பு வழியாகத்தானே வருகிறது!

அப்புறம், திட்ட அறிக்கை, உரிமம், லேபிள் எல்லாவற்றுக்கும் கூட இருந்து சொல்லித்தர ஆள் வேண்டும். தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் என்ற ஊரகத் திட்டத்தின் மதி சிறகுகள் தொழில் மையங்கள் இதற்காகத்தான் வந்தன. ஆனால் மாநிலத்தின் 388 ஒன்றியங்களில் 120-க்குத்தான் அந்தத் திட்டம் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் ஜெராக்ஸ் கடைக்காரரை நம்பி விண்ணப்பம் போடுகிறார்கள்.

இயந்திரம் கொடுக்கும்போது முதல் இரண்டு ஆண்டு மின் கட்டணத்தையும் பழுதுச் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவோடு பூட்டிய பொதுக் கட்டடம் எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்,
அரவக்குறிச்சி வட்டம், கரூர் மாவட்டம்.