பணம் வேண்டாம், பத்திர எண் போதும்

தண்டையார்பேட்டை,
சென்னை – 81

அன்பு நண்பா,

தங்கச்சியின் நகையை அடகு வைத்தாவது ஐந்து லட்சம் அனுப்புகிறேன் என்று போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரி இருந்தாள், தொண்டையும் அடைத்துக்கொண்டது. பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் வேண்டாம் என்பதற்கு முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

2018 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டை 62 லட்சத்துக்கு விற்றேன் அல்லவா? வாங்கியவர் சட்டப்படி ஒரு சதவீதம், அதாவது 62,000 ரூபாய், பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டிவிட்டுச் சான்றிதழையும் கையில் கொடுத்தார். வரி அத்தோடு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். இன்னார் இவ்வளவுக்கு வீடு விற்றிருக்கிறார் என்ற தகவலும் அந்தப் பணத்தோடு சேர்ந்தே துறைக்குப் போய்விட்டது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் சரக்குக்குச் சுங்கக் காகிதம் போட்டவன் நான். கன்டெய்னரை நாள் தவறி எடுத்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் எப்படி ஏறும் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் அந்த ஆண்டு ரிட்டர்னே தாக்கல் செய்யவில்லை. வந்த பணம் மகள் கல்யாணத்திலும் தம்பியின் கடனிலும் கரைந்தது.

2022 மார்ச்சில் வரித் துறை அந்த ஆண்டு வரிக் கணக்கை மறுபடி திறந்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. தபால் விற்றுவிட்ட வீட்டின் முகவரிக்குப் போனது. மின்னஞ்சல், பான் அட்டை எடுத்துத் தந்த கணக்குப்பிள்ளையின் பழைய முகவரிக்குப் போனது. ஆனால் எனக்கு எதுவுமே தெரியாது என்று உன்னிடம் சொன்னால் அது பாதிப் பொய். கைப்பேசிக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. மோசடிக்காரன் வேலை என்று அழித்தேன். இரண்டாவதை அழிக்கும்போது மனசு உறுத்தியது. இருந்தும் யாரிடமும் கேட்கவில்லை. இதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டில் ஒரு வஞ்சிரத்தை நிறுத்து வாங்கிவிட்டு ஜிபே போட்டேன். தோல்வி என்று வந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் தோல்வி. மீன்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துனு போ நைனா, அடுத்த வாரம் குடு" என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் வங்கியில் அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வரித் துறையின் உத்தரவுப்படி கணக்கு முடக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த 1,90,000 ரூபாயும் துறைக்குப் போயிருந்தது.

வரிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. நான் பதில் சொல்லாததால், வரி அதிகாரி தன் கையிலிருந்த விவரத்தை மட்டும் வைத்து 2023 மார்ச்சில் உத்தரவு போட்டிருக்கிறார். அப்பா வீடு வாங்கிய விலை எதையும் கழிக்காமல் 62 லட்சம் முழுவதையும் லாபமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வரி சுமார் பதின்மூன்றரை லட்சம். ரிட்டர்ன் தராததற்கு மாதம் ஒரு சதவீதம், முன்கூட்டி வரி கட்டாததற்கு மாதம் ஒரு சதவீதம் என்று இரண்டு வட்டியும் ஐந்து வருடம் ஓடியதில், வட்டி வரியைத் தாண்டி மொத்தம் 29 லட்சத்தைத் தொட்டது. உத்தரவு வந்து முப்பது நாளில் கட்டாததால் அந்த மொத்தத்தின் மேல் இன்னொரு ஒரு சதவீதம், அதாவது மாதம் 29,000 ரூபாய். துறை நமக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தால் மட்டும் வட்டி மாதம் அரை சதவீதம்தான் என்பதையும் இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

இப்போது பார்க்கும் ஆடிட்டர் மகள் வயதுப் பெண். முதலில் நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்று இரண்டு லட்சம் கேட்ட ஒரு தரகரிடம்தான் போய் உட்கார்ந்திருந்தேன். முகம் பாராமல் இணையத்தில் நடக்கும் மேல்முறையீட்டில் யாருக்கு எங்கே ஆள் இருக்கும் என்று அந்தப் பெண் சிரித்தாள். ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டி, ஏறக்குறைய இரண்டு வருடத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு மேல்முறையீடு போட்டிருக்கிறோம். அந்தக் குறுஞ்செய்திகளையும் மனுவில் மறைக்காமல் எழுதச் சொன்னேன். துறையின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, பொதுவாகக் கேட்கும் தொகையில் இருபது சதவீதம் கட்டினால் மீதியை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைப்பார்கள். வங்கியிலிருந்து போனது போக மீதியை வருங்கால வைப்பு நிதிப் பணத்திலிருந்து கட்டினேன். நிறுத்திவைப்பும் கிடைத்தது, கணக்கும் திறந்துவிட்டது. அபராத நோட்டீஸ் தனியாக இருக்கிறது. வரியில் பாதி என்கிறார்கள். வேண்டுமென்றே தவறாகக் காட்டியதாக முடிவு செய்தால் இரண்டு மடங்கு. அதையும் மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்டிருக்கிறோம்.

வீட்டுக்காரியின் பயம் வேறு மாதிரி. வசூல் அதிகாரி வந்தால் தாலியைக் கழற்றச் சொல்வாரா என்று ஆடிட்டரிடமே கேட்டுவிட்டாள். சமையல் பாத்திரம், கட்டிய துணி, படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறதாம். அன்றைக்கு இரவுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. அப்பா 2001க்கு முன்பே வாங்கிய வீடு என்பதால், 1.4.2001 அன்று அதற்கிருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாக வைத்து, விலைவாசிக் குறியீட்டின்படி 2.72 மடங்காகக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். அன்றைய மதிப்பு 14 லட்சம் என்று ஏற்றுக்கொண்டால் லாபம் 24 லட்சத்துக்குள் அடங்கும். வரி ஐந்து லட்சத்துக்குள் முடியும், வட்டியும் அதற்கேற்பச் சுருங்கும். 29 லட்சம் என்பதே நிலைக்குமா என்று தெரியாதபோது நகையை அடகு வைத்துக் கட்டச் சொல்கிறாயே! ஆனால் அன்றைய மதிப்பைக் கணித்துத் தரும் மதிப்பீட்டாளர் ஆதாரம் கேட்கிறார். நம் தெருவில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருந்த உங்கள் வீட்டை உன் அப்பா அதே 2001இல்தானே விற்றார்? அதே அகலம், அதே மெட்ராஸ் ஓடு, திண்ணை மட்டும் உங்களுடையது பெரிது. பத்திரத்தின் நகலோ, குறைந்தபட்சம் ஆவண எண்ணும் ஆண்டுமோ கிடைத்தால், ராயபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு நானே மனுப் போட்டு வாங்கிக்கொள்வேன். அம்மாவின் பச்சை டிரங்குப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அடியில், பழைய ரேஷன் அட்டைகளுக்குக் கீழே தேடிப் பார். அடுத்த மாதம் மதிப்பீட்டாளர் அறிக்கை தர வேண்டும்.

அன்புடன்,
உன் மூன்றாம் வீட்டுக்காரன்