சமக்குறி பற்றி அம்மா எழுதுவது

அன்பு மகனுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, பாப்பா 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் 12 என்று எழுதியதையும், மூன்றாம் வகுப்பு வந்தும் கூட்டத் தெரியவில்லையே என்று அவளைக் கடிந்துகொண்டதையும் சொன்னாய். அவள் பக்கத்திலேயே இருந்ததால் அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், இதை எழுத்தில் நிதானமாகச் சொல்வதே நல்லது என்று தோன்றியது.

அவளுக்குக் கூட்டத் தெரியும். எட்டும் நாலும் பன்னிரண்டு என்பதில் பிழையே இல்லை. சமக்குறியை, 'இரு பக்கமும் சமம்' என்று படிக்காமல், அவள் "இனி விடையை எழுது" என்ற கட்டளையாகப் படித்திருக்கிறாள். அப்படிப் படிக்கப் பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். முதல் வகுப்பிலிருந்து அவள் பார்த்த கணக்குகளில் பெரும்பாலானவற்றில் கூட்டலோ கழித்தலோ இடப்பக்கம் இருக்கும், வலப்பக்கம் ஒற்றை எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வருகிறது. "எட்டும் நாலும் எவ்வளவு வரும்?" என்றுதான் நாமும் கேட்கிறோம். 'வரும்' என்பது ஒரு செயலைச் செய்து முடித்தபின் கிடைப்பதைச் சொல்லும் வினை. ஆனால் நம் பழைய வாய்ப்பாட்டில் 'ஈரைந்து பத்து' என்று வினையே இல்லாமல் இரண்டையும் அருகருகே வைத்தார்கள்; சமக்குறியின் இயல்புக்கு அதுவே நெருக்கமானது என்பது என் எண்ணம்.

1990களின் இறுதியில் அமெரிக்காவில் கணிதக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கார்ப்பெண்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே கணக்கைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது, பெரும்பாலானவர்கள் 12 என்றோ, கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டி 17 என்றோ எழுதினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அதற்கு விலக்காக இருக்கவில்லை.

இந்தக் குறியை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், ஆண்டு 1557. 'சமமாகும்' என்ற சொற்களை ஒவ்வொரு முறையும் எழுதும் சலிப்பைத் தவிர்க்க இரண்டு இணைகோடுகளை வரைந்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். தொல்காப்பியர் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றார்: ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்தவுடன் புலப்படாது. சமக்குறியோ தன் காரணத்தை முகத்திலேயே தாங்கி நிற்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள் சமத்தையே படமாகக் காட்டுகின்றன. இருந்தும் பிள்ளைகள் அதைக் காண்பதில்லை. குறியும் அது சுட்டும் பொருளும் மட்டும் போதாது, பார்ப்பவர் மனத்தில் அந்தக் குறி எழுப்பும் புரிதலையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பர்ஸ் வலியுறுத்தியதன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

ஆனால் என் கற்பித்தலை மாற்றியவர் ரஷ்யாவின் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி. காசநோயால் 1934இல், 37 வயதிலேயே மறைந்தவர். அவருடன் பணியாற்றிய லியோனித் சாகரோவ் ஒரு சோதனையை வடிவமைத்தார். நிறம், வடிவம், உயரம், அகலம் ஆகியவற்றில் வேறுபடும் 22 மரக்கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் லாக், பிக், முர், செவ் என்ற பொருளற்ற சொற்களில் ஒன்று. நிறத்துக்கும் வடிவத்துக்கும் சொல்லோடு தொடர்பு கிடையாது. உயரமும் அகலமும் உள்ள கட்டை எதுவானாலும் லாக். ஒரு கட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டு, அதே பெயர் கொண்ட மற்றவற்றை எடுக்கச் சொல்வார்கள். சிறு பிள்ளை கையில் வந்ததைக் குவிக்கும். சற்று வளர்ந்த பிள்ளை ஒன்றை நிறத்துக்காகவும் அடுத்ததை வடிவத்துக்காகவும் சேர்த்துச் சங்கிலிபோல் கோத்துக்கொண்டே போகும். அதன்பின் ஒரு கட்டம் வருகிறது: பிள்ளை சேர்த்துவைத்த கூட்டம் பெரியவர் சேர்ப்பதைப் போலவே இருக்கும், ஆனால் சேர்த்த வழி வேறாக இருக்கும். அதற்கு வைகோட்ஸ்கி போலிக் கருத்துரு என்று பெயரிட்டார். இருவரும் ஒரே சொல்லை ஒரே பொருள்களுக்கு வழங்குவதால், உள்ளே இருக்கும் வேறுபாடு இருவருக்குமே தெரிவதில்லை.

பாப்பாவின் சமக்குறி அப்படிப்பட்டதுதான். 8 + 4 = 12 என்று எழுதும்வரை நீயும் அவளும் ஒத்துப்போனீர்கள்; வலப்பக்கம் ஒரு கூட்டல் வந்த அன்றுதான் வேறுபாடு வெளியே தெரிந்தது. வைகோட்ஸ்கி இந்தக் கட்டத்தை இழிவாகப் பேசவில்லை என்பதையும் நீ அறிய வேண்டும். பிள்ளை முழுதும் விளங்காத சொல்லை நம்மோடு பேசிப் பேசித்தான் அதன் பொருளுக்கு வந்து சேர்கிறது. இடையில் இருக்கும் பாலம் அதுவே.

எனக்கும் இது காலம் கடந்தே தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் 8 + 4 = 12 + 5 = 17 என்று எழுதிக்கொண்டுவந்தபோது, சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "சரியாக எழுது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். எண்ணத்தின் போக்கை வரிசை மாறாமல் எழுதியிருந்த அந்தப் பிள்ளையிடம், இந்தக் குறியை நீ எப்படிப் படிக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பின்னாளில் வகுப்பில் தராசு வைத்தேன். புளியங்கொட்டைகள் ஒரே எடையில் இல்லாததால் முள் நடுவில் நிற்கவில்லை. ஒரே மாதிரியான ஒரு ரூபாய் நாணயங்களுக்கு மாறினேன். ஒரு தட்டில் எட்டும் நாலும், மறுதட்டில் ஐந்து; இன்னும் எத்தனை வைத்தால் முள் நிற்கும் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஏழு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே பிள்ளைகள் நோட்டில் மறுபடியும் 12 என்று எழுதியதும் உண்டு. தராசும் ஒரு குறிதான். அதையும் தாளில் உள்ள இரட்டைக் கோட்டையும் இணைப்பது தனி வேலை. அதைப் பேச்சால்தான் செய்ய முடிந்தது.

ஆகையால் இந்த வாரம் அவளோடு உட்கார்ந்து 12 = □ + 5, 9 = 9, 3 + 6 = 6 + 3 என்று மூன்றை மட்டும் எழுதிக் காட்டு. விடை கேட்காதே, இது சரியா, இப்படி எழுதலாமா என்று கேள். 9 = 9 என்பதைப் பார்த்து, "இதில் கணக்கே இல்லையே" என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். அவள் என்ன சொன்னாலும் இடைமறித்துத் திருத்தாமல், அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன கேட்கலாம் என்று எழுதுகிறேன். அவளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா