கொழும்பின் இசை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

ஓகஸ்ட் விடுமுறைக்கு நோர்வேயின் பேர்கனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரை மேட்டில், இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1885 முதல் வாழ்ந்த ட்ரோல்ஹௌகன் வீடு இருக்கிறது. கீழே தண்ணீரோரமாக அவர் உட்கார்ந்து எழுதிய சிறு குடில். பக்கத்துப் பாறையைக் குடைந்து அவருடைய சாம்பலை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து திரும்ப மனமே வரவில்லை.

ஆனால் இந்த மடலை எழுதவைத்தவர் க்னூட் டாலே என்ற கிராமத்துக் கலைஞர். அவர் வாசித்தது ஹார்டாங்கர் பிடில். வில் படும் தந்திகளின் கீழே வில் படாத தந்திகள் தாமாக அதிரும். முன்னோரிடம் கேட்டுப் பழகிய ஆட்ட மெட்டுகள் தன்னோடு போய்விடுமே என்று அஞ்சி, முதுமையில் அவர் கிரீக்குக்குக் கடிதம் போட்டார். கிரீக் அந்த வேலையை வயலின் வித்துவான் யோகான் ஹல்வோர்சனிடம் ஒப்படைத்தார். 1901இல் டாலே வாசிக்க வாசிக்க, ஹல்வோர்சன் 17 மெட்டுகளை எழுதினார். கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்தார். 1903இல் பியானோ வடிவம் வெளிவந்தபோது, ஹல்வோர்சன் எழுதிய பிடில் வடிவமும் கூடவே அச்சேறியது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

என் அம்மாவின் ஊர் மட்டக்களப்பு. அங்கே கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு பாடும் தருக்களை, அதாவது வடமோடிக் கூத்தின் பாட்டுகளை, கேட்டு வளர்ந்தவள் நான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றிய பணி பெரிது. ஆனாலும் நான் வாங்கிவைத்திருக்கும் கூத்துப் புத்தகங்களில் பாட்டின் வரிகள் இருக்கின்றன, மெட்டு இல்லை. மலையகத்தின் காமன் கூத்துப் பாட்டுகளும் பெரும்பாலும் பாடுபவர் நெஞ்சில்தான்.

கேட்டவுடன் சுரப்படுத்தும் காது உங்களுக்கு இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் உங்களுக்கு ஓய்வில்லை என்பதும் தெரியும். பரீட்சை முடிந்த பிறகு ஒரு வாரம் தாருங்கள். மூத்த மாணவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓர் அண்ணாவியார் முன் உட்காருங்கள். அவர் பாடுவதை இராகத்துக்குள் இழுத்துத் திருத்த வேண்டாம்; பாடியபடியே, அந்த அசைவோடு எழுதுங்கள். முதலில் பத்துத் தருக்கள் போதும்.

போகவர ஆகும் செலவும், அம்மாவின் ஊரில் தங்குமிடமும், அண்ணாவியாருக்கான சன்மானமும் என் பொறுப்பு.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் இசை ரசிகை